இயக்க முறைமை

விசைப்பலகையில் தட்டும் எழுத்தைத் திரைக்கு அனுப்புவதும், நினைவகத்தைப் பங்கிடுவதும், கோப்புகளைக் காப்பதும் இயக்க முறைமையின் பணிகள். பாடல் ஒலிக்கும்போதே கட்டுரையும் தட்டச்சு செய்ய முடிவது எவ்வாறு? மையச் செயலகத்தின் நேரத்தை மிகச் சிறு கூறுகளாக்கி, இரண்டிற்கும் அது மாறிமாறி அளிக்கிறது. அம்மாற்றம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

கணினிகளில் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவை பரவலானவை. விண்டோஸின் மூலநிரல் அதன் நிறுவனத்துக்கே உரியது. பிறர் விரும்பியவாறு திருத்த இயலாது. லினக்ஸ் அவ்வாறன்று. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் கருநிரலை எழுதி, அனைவரும் காணத் திறந்துவைத்தார். கைப்பேசியின் ஆண்ட்ராய்டும் அக்கருநிரலின்மீது எழுந்ததே.

சென்னையிலுள்ள சி-டாக் மையம் லினக்ஸைக் கொண்டு 'பாஸ்' என்னும் முறைமையை உருவாக்கியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அதனைப் பயன்படுத்தலாம். மூலநிரல் திறந்திருந்தமையால், அம்மொழிகளைச் சேர்க்க எவரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை.