வண்டியை எங்கே விடுவது?

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகச் சென்னையில் வேலை பார்ப்பவனுக்கு நாள் முழுக்க இதே கேள்விதான். காலையில் பெரிய மருத்துவமனை, மதியம் மருந்துக்கடைகள், மாலையில் சந்துக்குள் இருக்கும் கிளினிக்குகள். ஓட்டும் நேரத்தை விட, வண்டியை விட இடம் பார்க்கும் நேரம் சில நாள் அதிகம். இத்தனை வருடத்தில் எனக்குத் தெளிவானது இதுதான்: போகிற இடத்தின் வாசலில் இடம் தேடுவதை விட்டுவிட்டால், சட்டப்படி நிறுத்த இடம் கிடைக்கும். வாசலிலேயே தேடுகிறவர்களுக்குத்தான் ஊரில் இடமே இல்லை. பெரும்பாலான வாசல்களில் வண்டி நிறுத்துவதைச் சட்டம் ஏற்கனவே தடுத்து வைத்திருக்கிறது.

புதிதாக வேலைக்குச் சேரும் தம்பிகளிடம் நான் முதலில் படிக்கச் சொல்வது மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 2017. நாடு முழுமைக்கும் பொருந்தும் விதிகள் இவை. நடைபாதையில் நிறுத்தக் கூடாது. சைக்கிள் தடத்திலும், பாதசாரிகள் சாலையைக் கடக்கும் கோடுகளின் மீதும் கூடாது. பேருந்து நிறுத்தம் அருகே கூடாது. பள்ளி, மருத்துவமனை நுழைவாயிலில் கூடாது. எந்தக் கட்டடத்துக்கும் உள்ளே போகும், வெளியே வரும் வழியை அடைக்கக் கூடாது. ஏற்கனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசை போடக் கூடாது. சாலையோரம் இடைவெளியில்லாமல் மஞ்சள் கோடு ஓடினால் அங்கேயும் கூடாது. இதெல்லாம் காருக்குத்தான் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். விதியில் ‘வாகனம்’ என்றுதான் இருக்கிறது. பைக் சின்னது என்பதற்காகத் தனிச் சலுகை ஏதும் இல்லை.

அதே விதிகளில், சந்திப்பின் விளிம்பிலிருந்து ஐம்பது மீட்டர் வரை இரு பக்கமும் நிறுத்தக் கூடாது என்று ஒன்று இருக்கிறது. நம் ஊரில் டீக்கடை, ஜெராக்ஸ் கடை, மருந்துக்கடை எல்லாம் முனையில்தான் இருக்கும். அந்த முனைக் கடை முன்னால் நிற்கும் பைக்குகளில் ஏறக்குறைய எல்லாமே விதி மீறி நிற்பவைதான். திரும்பும் ஆட்டோக்காரருக்கு எதிரே வரும் வண்டி தெரியாமல் போவதும், சாலையைக் கடக்க நிற்கும் ஆள் மறைந்துபோவதும் இந்த வண்டிகளால்தான். ஐம்பது மீட்டர் என்பது நடந்தால் முக்கால் நிமிடம். முனையைத் தாண்டி அவ்வளவு தூரம் போய்விட்டுத்தான் நான் வேகத்தையே குறைக்கிறேன்.

பலகைகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நீல வட்டம், சிவப்பு விளிம்பு, நடுவே ஒரே ஒரு சிவப்புச் சாய்கோடு இருந்தால் நிறுத்திவைக்கக் கூடாது என்று பொருள். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் இருந்தால் ஒரு நொடி நிற்பதற்கும் தடை. பின்னால் உட்கார்ந்திருப்பவரை இறக்கிவிடக்கூட அங்கே நிற்கக் கூடாது. நீலச் சதுரத்தில் வெள்ளை ‘பி’ எழுத்தோடு ஸ்கூட்டர் படம் இருந்தால் அது நமக்கென்றே ஒதுக்கிய இடம். கார் படம் இருந்தால் பாதி இடம் காலியாகக் கிடந்தாலும் அது நம்முடையது அல்ல. ஒரு வகை வாகனத்துக்கு ஒதுக்கிய இடத்தில் வேறு வகை வாகனத்தை விடுவதும் அதே விதிகளின்படி தவறு.

வீட்டு வாசல்களில் தொங்கும் ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்’ பலகைகள் வேறு சங்கதி. கேட்டை அடைத்து வண்டி விடுவது எப்போதும் தவறு. அதற்குப் பலகையே தேவையில்லை. ஆனால் கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மதில் ஓரமாக இருக்கும் சாலை, வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை. பூந்தொட்டி, மணல் மூட்டை, இரும்புத் தடுப்பு, தாங்களே எழுதி வைத்த பலகை என்று எதையாவது வைத்துத் தனிநபர்கள் சாலையை மறிப்பது சட்டவிரோதம். சென்னை உயர் நீதிமன்றம் வரை இந்தப் பிரச்சினை போய், 2024இல் போக்குவரத்துக் காவல் துறையே இவற்றை அகற்றும்படி எச்சரித்தது. அப்படியிருந்தும் நான் வீட்டுக்காரரோடு சட்டம் பேசுவதில்லை. ஆள் வெளியே நின்றால், “அம்மா, பதினைந்து நிமிஷம், டாக்டரைப் பார்த்துட்டு வந்துடறேன், கேட்டை விட்டுத் தள்ளித்தான் விட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போவேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

நடைபாதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கென்று 2014இலேயே தனிக் கொள்கை வகுத்த நகரம் சென்னை. அதன் பிறகு பல சாலைகளில் நடைபாதை அகலமானது. அகலமானதும் முதலில் அங்கே ஏறியவை நம் வண்டிகள்தான். மருத்துவமனைகளைச் சுற்றி நாள் முழுக்க நடப்பதால் இதன் விளைவை நேரில் பார்க்கிறேன். வாக்கர் பிடித்து வரும் பாட்டி, கட்டுப்போட்ட காலோடு வருபவர், வெள்ளைக் கோலைத் தட்டியபடி வருபவர் என எல்லோரும் நடைபாதையிலிருந்து இறங்கி, பேருந்து ஓடும் சாலையில் நடந்து, மறுபடி ஏறுகிறார்கள். ஏற முடியாதவர்கள் சாலையிலேயே போகிறார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டாலும் எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை. நடைபாதை மேல் ஏற்றி விட்டால்தான் இடம் என்றால், அங்கே இடம் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

பேருந்து நிறுத்தமும் அப்படித்தான். நிறுத்தத்தில் பைக்குகள் அடைத்து நின்றால் மாநகரப் பேருந்து நடுச்சாலையில் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடிப்போய் ஏறுகிறார்கள். பின்னால் வரும் வேனுக்கு அவர்கள் தெரிவதில்லை.

சரி, எங்கேதான் விடுவது?

மருத்துவமனை என்றால், வளாகத்துக்குள் பணியாளர்களும் பார்வையாளர்களும் வண்டி விட ஓர் இடம் பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். முன்வாசல் காவலரிடம், “அண்ணே, ரெப் வண்டிங்க எங்க விடறாங்க?” என்று கேட்டால் வழி சொல்வார். அவசர சிகிச்சைப் பிரிவின் சாய்தளத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம்கூட விட வேண்டாம்.

நகரின் நடுப்பகுதிக்கு வேலை என்றால் வண்டியை அங்கே கொண்டுபோகாமல் இருப்பதே சிறந்த வழி. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தில் வண்டியை விட்டுவிட்டு, சென்ட்ரலில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாக மருத்துவமனைப் பக்கம் ஏறிவிடுவேன். வெயில் இல்லை, அலைச்சல் இல்லை. பாரிமுனைப் பக்கத் தெருக்களில் மினி வேனும் மீன்பாடி வண்டியும் சரக்கு இறக்கிக்கொண்டே இருக்கும். அங்கே பைக்கைக் கொண்டுபோய் நிறுத்துவது மற்றவர் பிழைப்பின் குறுக்கே நிற்பது. பாண்டி பஜார் என்றால் தியாகராயா சாலையிலேயே மாநகராட்சியின் பன்னடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது. கார்களை இயந்திரம் மேலே தூக்கிக்கொண்டு போகும். பைக்குகளுக்குக் கீழ்த்தளம். ஐந்நூறுக்கு மேல் நிற்கும். 2019இல் நடைபாதை வளாகம் திறந்தபின் அந்தச் சாலையில் ஓரமாக விட்டுவிட்டு ஓடும் பழக்கத்துக்கு இடமில்லை. கீழ்த்தளத்துக்கு முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது.

வெளியூர்களில் பேருந்து நிலையத்தை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டுதான் எனக்குத் துணை. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளுக்குள் வண்டிக்கு அனுமதி கிடையாது. கோயில் பக்கம் வேலை இருந்தால் வெளியே எங்காவது ஸ்டாண்டில் விட்டுவிட்டு நடப்பதென்று முன்பே முடிவு செய்துகொண்டு கிளம்ப வேண்டும்.

ஸ்டாண்டில் விடும்போது சில பழக்கங்கள் கைகொடுக்கும். உள்ளே விடுவதற்கு முன் கட்டணப் பலகையைப் பாருங்கள். எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு, இரவு தங்கினால் எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும். ஸ்டாண்டுக்காரர் “சைடு லாக் போடாதீங்க சார்” என்றால், வண்டிகளை நகர்த்தி அடுக்கப் போகிறார் என்று அர்த்தம். அப்படியானால் சக்கரத்துக்கு டிஸ்க் பூட்டும் போட வேண்டாம், விலை உயர்ந்த எதையும் வண்டியில் விடவும் வேண்டாம். தூண் எண்ணும் வண்டி எண்ணும் ஒரே படத்தில் வரும்படி கைப்பேசியில் ஒரு படம், டோக்கனை வாங்கியதும் அதற்கு ஒரு படம். டோக்கன் தொலைந்தால் ஆர்.சி.யைக் காட்டச் சொல்வார்கள். டிஜிலாக்கரில் வைத்திருந்தால் கையோடு காட்டலாம்.

டோக்கனின் பின்பக்கம் ‘வாகனத்துக்கு உரிமையாளரே பொறுப்பு’ என்று அச்சிட்டிருப்பார்கள். வண்டி காணாமல் போனால் இந்த வரியைக் காட்டித்தான் கைவிரிப்பார்கள். அந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடாது. டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலின் ஊழியரிடம் சாவி கொடுத்து விடப்பட்ட கார் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொருளைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டவர் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி நியாயமான கவனத்தோடு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கவனக்குறைவு இருந்தால், ‘உரிமையாளர் பொறுப்பு’ என்ற வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது. சாவியை ஒப்படைப்பதும், நாமே நிறுத்திப் பூட்டிக்கொண்டு போவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. ஆனால் காசு வாங்கி, டோக்கன் கொடுத்து, டோக்கன் இல்லாமல் வண்டியை வெளியே விடாத இடத்தில் கேள்வி கேட்க நமக்கு ஆதாரம் இருக்கிறது. காப்பீட்டுக்கும் அந்த டோக்கன் உதவும். உடனே காவல் நிலையத்தில் புகார், உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல், இரண்டு அசல் சாவிகளும் கையில். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இழுபறிதான்.

நண்பர்கள் பலர் கவனிக்காத இன்னொன்று: மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடத்தில் நிறுத்துவது விதிப்படியே தவறு. அவர்களின் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கு இரண்டு பைக்கின் அகலம் வேண்டும். அது தனியாக நிற்கும்போது பக்கத்தில் தெரியும் இடைவெளி காலி இடம் அல்ல. ஊன்றுகோலை ஊன்றி அவர் ஏறி உட்கார வேண்டிய இடம் அது. நான் பார்த்த எந்த ஸ்டாண்டிலும் அந்த இடைவெளியை யாராவது ஒருவர் நிரப்பாமல் விட்டதில்லை. பார்க்கும்போதெல்லாம் மனது கொதிக்கிறது.

மழைக்காலத்தில் தண்ணீர் புகும் கீழ்த்தளங்களை நம்ப வேண்டாம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று செய்தி பரவ, காவல் துறை அதை மறுத்தது. அது பேரிடர் நேரத்துக் கருணை. மற்ற நாட்களில் மேம்பாலம் வண்டி விடும் இடம் ஆகாது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் திரும்பி வரும்போது வண்டி இல்லை என்றால், திருட்டு என்று பதறுவதற்கு முன் சுவரிலோ கம்பத்திலோ தடைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக் கடையில் விசாரித்தால் டோயிங் வண்டி வந்ததா என்று தெரிந்துவிடும். தடை உள்ள இடத்தில் நிற்கும் வண்டியை அகற்ற, மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு சீருடையில் உள்ள காவல் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. இழுத்துச் சென்ற செலவும் உரிமையாளர் தலையில்தான். வண்டியைத் தூக்கும் ஆட்கள் மட்டும் இருந்து, சீருடையில் அதிகாரி யாரும் இல்லையென்றால் நீங்கள் கேட்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 177ஆம் பிரிவின்படி அபராதம் முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 1500 ரூபாய் வரை. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். வண்டியை எடுக்கும் முன் கண்ணாடி, இண்டிகேட்டர், சைலன்சர் எல்லாம் முழுசாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

நிறுத்த இடம் ஒதுக்கும் கடமை அரசுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் பதிவாகும் வாகனங்களில் முக்கால்வாசிக்கு மேல் இருசக்கர வாகனங்கள். ஆனால் சாலையோரக் கட்டங்களில் கார் படம் போட்டவைதான் கண்ணில் படுகின்றன. ஒரு கார் நிற்கும் இடத்தில் நாலைந்து பைக் நிற்கும். எந்தத் தெருவில் வண்டி நிறுத்தலாம் என்று வரையறுக்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு அரசுக்குத் தருகிறது. அது உள்ளாட்சி அமைப்போடு கலந்து செய்ய வேண்டிய வேலை. சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லலாம், எழுத்திலும் கொடுக்கலாம். எழுதும்போது ‘பார்க்கிங் வசதி வேண்டும்’ என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தெரு, எந்த மதில் ஓரம், சந்திப்பிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை பைக் நிற்கும் என்று குறிப்பிட்டு, ஒரு கைப்பேசிப் படத்தையும் இணையுங்கள். நகல் ஒன்று அந்தப் பகுதிப் போக்குவரத்துக் காவல் உதவி ஆணையருக்கும் போகட்டும்.