வாழவந்தான்கோட்டைப் பிள்ளைகள் எந்த நாட்டவர்?

அன்புள்ள நண்பருக்கு,

"முகாமில் வீடு தருகிறோம், மாதாமாதம் பணமும் அரிசியும் தருகிறோம், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். இதற்கு மேல் குடியுரிமையும் வேண்டுமா?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நினைவூட்டியிருந்தீர்கள். அது, தண்டனை முடிந்த ஒருவரை நாடு கடத்துவது பற்றிய வழக்கு. நம் துவாக்குடிக்குப் பக்கத்தில், வாழவந்தான்கோட்டை இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்த பிள்ளைகள் எங்கிருந்தும் வந்தவர்கள் இல்லையே!

இந்த அகதிகளின் கதையில் திருச்சிக்கும் பங்குண்டு. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க 1904-ல் தொடங்கிய லேபர் கமிஷனுக்குத் தலைமையகம் இங்கேதான் இருந்தது. பஞ்சத்துக்கும் சாதிக்கொடுமைக்கும் தப்பிப் போனவர்களை மண்டபம் என்ற ஊரில் தங்கவைத்து, உடம்பைச் சோதித்துக் கப்பலேற்றினார்கள். அந்தத் தோட்டத் தமிழர்களை 1948-ன் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தப்பி வந்தவர்களுக்கு முகாம் அமைந்ததும் அதே மண்டபத்தில். அந்தத் தோட்டத் தமிழர்களின் வம்சாவளிக் குடும்பங்கள் நம் கொட்டப்பட்டு முகாமிலும் இருக்கின்றன. அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிவோடு பார்க்க வேண்டும் என்று 2019 ஜூன் 17-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார்.

சென்ற ஆண்டு துவாக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில், டிப்ளமோ முடித்த பையன் ஒருவன் வேலை விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான். பேர், ஊர், மார்க் எல்லாம் மளமளவென்று எழுதியவன், நாட்டுரிமை என்ற கட்டத்தில் பேனாவைத் தூக்கிவிட்டான். நகக்கண்ணில் பெயின்ட் காய்ந்திருந்தது. முகாம் இளைஞர்கள் பலருக்கும் பெயின்ட் அடிப்பதுதான் பிழைப்பு. பக்கத்திலேயே பெல் தொழிற்சாலை இருக்கிறது, என்.ஐ.டி. இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இந்த மண்ணில் இருக்கும் எவரையும் சமமாக நடத்தச் சொல்கிறது. ஆனால் அரசு வேலையில் சமவாய்ப்பு தரும் 16-ஆம் பிரிவு குடிமக்களோடு நின்றுவிடுகிறது.

1933-ல் ஹிட்லருக்குத் தப்பி ஓடி, 1951-ல்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஹன்னா ஆரெண்ட், ஒரு நாட்டின் உறுப்பினராக இல்லாதவனுக்கு மனித உரிமைப் பேச்சு எதுவும் சோறு போடாது என்பதை அனுபவித்து எழுதிய தத்துவவாதி. நாம் தருகிற அரிசியும் பணமும் தயவு. நாளை ஒரு அரசாணை நிறுத்திவிடலாம். உரிமையை அப்படி நிறுத்த முடியாது. தயவில் வாழ்கிறவன் குரலை உயர்த்திப் பேச மாட்டான். சமத்துவம் இல்லை என்பதற்கு எனக்கு இந்த அடையாளம் ஒன்றே போதும்.

1955-ன் இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்தச் சட்டத்தின்படிதான் 1986-ல் மண்டபத்தில் பிறந்த கொட்டப்பட்டுப் பெண் ஒருவர் நீதிமன்றம் போய்ப் போராடி, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். அவருக்குப் பின் சில ஆண்டுகள் கழித்து அதே மண்டபம் முகாமில் பிறந்த அகதிப் பிள்ளைக்கு அந்தப் பிறப்புரிமை இல்லை. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சேர்த்தது. இலங்கையை விட்டுவிட்டது. இந்தப் பாகுபாட்டுக்கு நியாயமான காரணம் ஒன்றை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நம் எம்.பி.க்கு இரண்டு வரி எழுதுங்கள். இங்கே பிறந்த முகாம் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தர 1955 சட்டத்தைத் திருத்தக் கேளுங்கள். என் கையெழுத்தையும் சேர்த்து அனுப்பலாம்.

அன்புடன்,
துவாக்குடியிலிருந்து