நீர்மட்டக் கண்ணாடியும் தேய்ந்த உறுப்புகளும்

சிம்பாங் ரெங்கம் மக்களுக்கு நீர்மட்டத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் குப்பை கொட்டும் நிலத்திலிருந்து கசிந்த கழிவுநீர் பெனுட் ஆற்றில் கலந்தது. ஆற்றுநீரில் அம்மோனியா அளவு மீறியதால் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. வீட்டுக் குழாய்கள் வறண்டன. தொட்டியில் இன்னும் எத்தனை சாண் நீர் இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்க்கும் கவலை அந்நாள்களில் பல வீடுகளில் இருந்தது.

வீட்டுத் தொட்டியைத் திறந்து பார்க்கலாம். செம்பனை ஆலையின் கொதிகலனைத் திறந்து பார்க்க இயலுமா? தோட்டத்து டீசல் தொட்டியையும், பாலுக்கு இடும் அம்மோனியாத் தொட்டியையும் வேலை நேரத்தில் திறந்து எட்டிப் பார்ப்பது அறிவுடைமையாகுமா? இவற்றின் உள்ளே உள்ளதை வெளியே காட்டுவதற்கென்றே மட்டங்காட்டி அமைந்துள்ளது. ஆலைகளில் இதனை ‘கேஜ் கண்ணாடி’ என்பர். பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஆலைப் பணிகளிலும் இருக்கின்றனர். ஆதலால் இக்கருவியின் உறுப்புகள் எவ்வாறு தேய்கின்றன, அவற்றை எவ்வாறு மாற்றுவது என்பதை இம்மாதப் பாடமாக நாம் காண்போம்.

கருவியின் அமைப்பு

ஒன்றோடொன்று இணைந்த இரு கலங்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இந்த எளிய உண்மையே இக்கருவியின் அடிப்படை. கொதிகலனின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்த கண்ணாடியின் மேல்முனை நீராவிப் பகுதியுடனும், கீழ்முனை நீர்ப் பகுதியுடனும் இணைக்கப்பட்டிருக்கும். மேலே நீராவி வால்வு, கீழே நீர் வால்வு, அடியில் வடிகால் வால்வு என மூன்று வால்வுகள் உண்டு. கண்ணாடியின் இரு முனைகளிலும் கசிவைத் தடுக்கும் வளையங்கள் இருக்கும். அவற்றை இறுக்கிப் பிடிப்பவை மரைகள். கண்ணாடி உடைந்தால் சிதறல் மேலே படாதிருக்க, அதனைச் சுற்றிக் காப்புக் கூண்டு அமைந்திருக்கும்.

அழுத்தம் குறைந்த இடங்களில் கண்ணாடிக் குழாய் பயன்படும். அழுத்தம் மிகுந்த கொதிகலன்களில், இரும்புச் சட்டத்தினுள் பதித்த தடித்த தட்டைக் கண்ணாடி பயன்படும்.

தேய்மானம் எவ்வாறு நேர்கிறது?

கண்ணாடி கரையாது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் கொதிகலனின் நீர் காரத்தன்மை உடையது. வெப்பமும் காரமும் சேர்ந்து கண்ணாடியின் உட்புறத்தைச் சிறிது சிறிதாக அரிக்கின்றன. முதலில் மங்கல் தோன்றும். பின்னர்க் கீறல்போன்ற வரிகள் தெரியும். நாளடைவில் கண்ணாடி மெலிந்துபோகும். மங்கிய கண்ணாடியைத் துடைத்தும் தெளியவில்லையென்றால், அது அழுக்கன்று, அரிப்பேயாகும். அதனை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

வளையங்கள் வெப்பத்தால் இறுகி வெடிக்கும். நாம் வெட்டும் பாலிலிருந்து வரும் இயற்கை இரப்பருக்கு ஆயிரம் பயன்கள் உண்டு. எனினும் டீசலில் ஊறினால் அது உப்பி வலுவிழக்கும். ஆகவே எண்ணெய்த் தொட்டிக்கு நைட்ரைல் என்னும் செயற்கை இரப்பர் வளையமே ஏற்றது. சூடான நீராவிக்கு, வெப்பந்தாங்கும் பொருளாலான வளையம் வேண்டும். கையில் கிடைத்த வளையத்தைப் போடுவது எந்நாளும் தகாது.

அம்மோனியாத் தொட்டியில் மற்றோர் எச்சரிக்கை உண்டு. அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரித்து வெடிக்கச் செய்யும். பழுதான எஃகு வால்வுக்கு மாற்றாகக் கடையில் வாங்கிய பித்தளை வால்வை அங்கே பொருத்துதல் பெருந்தவறாகும்.

கருவி பொய் சொல்லும் வழி

இங்கே நாம் ஆழ்ந்து கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நீராவி செல்லும் மேல்வழி அடைபட்டால், கண்ணாடியினுள் சிக்கிய நீராவி குளிர்ந்து சுருங்கும், நீர் மேலேறும். கீழ்வழி அடைபட்டால், மேலிருந்து வரும் நீராவி குளிர்ந்து நீராகிக் கண்ணாடியை மெல்ல நிரப்பும். இரண்டு பழுதுகளும் ஒரே பொய்யையே சொல்கின்றன: உள்ளே நீர் குறைந்திருக்க, நிறைய இருப்பதாகக் காட்டுகின்றன. பழுதுபட்ட கருவி நம்மை அச்சுறுத்துவதில்லை. ஆறுதல் சொல்லி ஏமாற்றுகிறது. நீர் வற்றிய கொதிகலனின் குழாய்கள் நெருப்பில் பழுத்து வெடித்தால், அருகில் நிற்பவர் உயிருக்கே இறுதியாகும்.

அயல்நாட்டில் நேர்ந்த ஒரு விபத்து இதனை மெய்ப்பிக்கும். 2005ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், உயர்ந்த கோபுரக் கலம் ஒன்றில் எரிபொருள் அளவுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. கருவியோ மட்டம் இறங்குவதாகக் காட்டியது. நேரில் பார்ப்பதற்கென வைத்த கண்ணாடி அழுக்கேறிப் பயனற்றுக் கிடந்தது. எரிபொருள் வழிந்து தீப்பற்றி வெடித்ததில் 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். துடைக்காத கண்ணாடியும் திருத்தாத கருவியும் அவ்விபத்தின் காரணங்களுள் அடங்கும்.

ஆகவே ஒவ்வொரு வேலை முறையிலும் கருவியைச் சோதித்தல் கடமையாகும். வடிகாலைத் திறந்து, நீர் வால்வை மூடினால் நீராவி வேகமாக வெளிவர வேண்டும். நீர் வால்வைத் திறந்து, நீராவி வால்வை மூடினால் நீர் பாய வேண்டும். பின்னர் இரண்டையும் திறந்து வடிகாலை மூடினால், நீர் விரைந்து பழைய மட்டத்திற்குத் திரும்ப வேண்டும். தயங்கி ஏறினால் வழியில் அடைப்பு உண்டு என அறிக. கண்ணாடியில் நீரே தென்படாவிட்டால், தீயை நிறுத்திப் பொறுப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். பழுத்த கொதிகலனுக்குள் அவசரமாக நீர் விடுதல் கூடாது.

கண்ணாடியை மாற்றும் முறை

இப்பணியைச் சான்றிதழ் பெற்ற கொதிகலன் பணியாளரோ, அவர்தம் மேற்பார்வையில் உள்ளவரோ மட்டுமே செய்யலாம். ஓடிக்கொண்டிருக்கும் கொதிகலனில் செய்வதாயின், மற்றொரு மட்டங்காட்டி சரியாக இயங்குகிறது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். மற்றது இல்லையேல் கொதிகலனை நிறுத்திய பின்னரே கைவைக்க வேண்டும்.

1. கண்காப்பும் கையுறையும் அணிந்து, கண்ணாடிக்கு நேராக நில்லாமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

2. நீர் வால்வையும் நீராவி வால்வையும் மூடி, வடிகாலைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

3. மரைகளைத் தளர்த்திப் பழைய கண்ணாடியையும் வளையங்களையும் நீக்க வேண்டும். கண்ணாடித் துணுக்கு ஒன்றேனும் வழியில் தங்கலாகாது.

4. மேல், கீழ்ப் பொருத்துகள் ஒரே நேர்க்கோட்டில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கோணலாக இருந்தால் புதுக் கண்ணாடியும் உடையும்.

5. புதுக் குழாய், வெப்பத்தில் நீள்வதற்குச் சிறிது இடம் விட்டு அமைய வேண்டும். முனைகள் இரும்பில் முட்டலாகாது.

6. புதிய வளையங்களையே இட வேண்டும். மரைகளைக் கையால் இறுக்கி, பின்னர் ஸ்பேனரால் சிறிதளவே திருப்ப வேண்டும்.

7. காப்புக் கூண்டை மாட்டிய பின், வடிகால் திறந்திருக்க நீராவி வால்வைச் சற்றே திறந்து கண்ணாடியை மெல்லச் சூடேற்ற வேண்டும். பிறகு வடிகாலை மூடி, நீர் வால்வைப் படிப்படியாகத் திறக்க வேண்டும்.

8. முன்னர்க் கூறியவாறு சோதித்து, மற்ற மட்டங்காட்டியுடன் ஒப்பிட வேண்டும்.

தட்டைக் கண்ணாடியாயின், திருகாணிகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி, செய்தவர் குறித்த அளவுக்குப் படிப்படியாக இறுக்க வேண்டும். கழற்றிய கண்ணாடியையும் இடைவளையத்தையும் மீண்டும் பயன்படுத்தலாகாது.

டீசல் தொட்டியின் பக்கத்தில் உள்ள நெகிழிக் குழாய் வெயிலில் மஞ்சளித்து நொறுங்கும். அது உடைந்தால் தொட்டி முழுதும் வடிந்துவிடும். ஆதலால் அதன் அடி வால்வைப் பார்க்கும் வேளையில் மட்டும் திறந்து, உடனே மூடுதல் நல்வழக்கம்.

நம் உரிமையும் கடமையும்

‘இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்’ என்ற சொல்லே பல விபத்துகளின் தொடக்கம். நெடுங்காலம் நடைமுறையில் இருந்த 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் 2024 ஜூன் 1ஆம் நாள் நீக்கப்பட்டது. அன்றே, திருத்தப்பெற்ற 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உடனடி ஆபத்து உண்டென்று நம்பத் தக்க காரணம் இருந்து, அதனை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்கத் தவறினால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம் என இச்சட்டம் கூறுகிறது. அவ்வாறு விலகியவருக்குத் தீங்கு இழைத்தலும் கூடாது.

உரிமைக்கு முன் கடமை நிற்கிறது. மங்கிய கண்ணாடியைக் கண்டவர் அன்றே பொறுப்பாளரிடம் கூறி, பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். புதுக் கண்ணாடியும் இரண்டு வளையங்களும் பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. ஆலைக்குச் சென்ற மகன் மாலையில் நலமாக வீடு திரும்புவதற்கு அச்சிறு செலவை எவரும் பெரிதெனக் கருதார். கண்ணாடி தெளிவாக இருக்கட்டும். அது காட்டுவது மெய்யா என்று ஒவ்வொரு நாளும் நாம் சோதித்து அறிவோம்.