உள்ளிருந்து சூடேறும் வினையூக்கி

தரங்கம்பாடியில் கடலை நோக்கி நிற்கும் டேனிஷ் கோட்டையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1620-இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டை அது. 1845-இல் அவர்கள் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றனர். இதற்கிடையே 1820-இல், அவர்களது தலைநகரான கோபன்ஹேகனில், ஆயர்ஸ்டெட் என்னும் அறிஞர் மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். மின்சாரமும் காந்தமும் உறவினர் என்பது அன்று புலனாயிற்று. அதே நாட்டின் ஆராய்ச்சியாளர்கள் அவ்வுறவை இப்போது புதுவிதமாகப் பயன்படுத்த முயல்கிறார்கள். தரங்கம்பாடியைச் சுற்றியுள்ள வயல்களுக்கும் இதில் தொடர்பு உண்டு. எப்படி?

குறுவைக்கும் சம்பாவுக்கும் இடும் யூரியாவை அம்மோனியாவிலிருந்து செய்கிறார்கள். அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் தேவை. அதைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலுள்ள மீத்தேனிலிருந்து பெறுகின்றனர். ஒரு மீத்தேன் மூலக்கூறும் ஒரு நீராவி மூலக்கூறும் வினைபுரிந்து, மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளையும் ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறையும் தருகின்றன. இது வெப்பங்கொள் வினை. ஒரு மோல் மீத்தேனுக்கு ஏறத்தாழ 206 கிலோஜூல் வெப்பம் ஊட்ட வேண்டும்.

இவ்வினையை விரைவுபடுத்த நிக்கல் வினையூக்கியாகிறது. நிக்கலை நுண்துளைகள் நிறைந்த பீங்கான் போன்ற பொருளில் பரப்பி வைப்பார்கள். துளைகள் எதற்கு? வினை நிகழும் பரப்பைக் கூட்டுவதற்கே. சிலவகை நுண்துளை அலுமினாவில் ஒரு கிராமிலேயே 100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பு அடங்கியிருக்கும்!

ஆனால் துளை மிகுந்த பொருள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆலையில் வினையூக்கியைக் குழாய்களில் நிரப்பி, வெளியே எரிவாயுவை எரித்துச் சூடேற்றுகிறார்கள். தீ அதிகமானால் பணியாரம் வெளியே கருகி உள்ளே மாவாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே தொல்லைதான் இங்கும். குழாய்ச் சுவர் கடுஞ்சூடாயிருக்க, நடுப்பகுதி சூடு போதாமல் தவிக்கும். எரிக்கும் வாயுவோ கார்பன் டையாக்சைடாகக் காற்றில் கலக்கும்.

வெப்பத்தை உள்ளேயே உண்டாக்கினால் என்ன? இங்குதான் காந்த நானோ துகள்கள் துணைக்கு வருகின்றன. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இத்தகைய நுண்ணிய துகள்களைத் துளைகளுள் பதித்து, குழாயைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். காந்தப்புலம் ஒரு வினாடியில் பல்லாயிரம் முறை திசை மாறும். துகளின் காந்தத்தன்மை உடனே திரும்பாமல் பின்தங்கும். இதற்குக் காந்தத் தயக்கம் என்று பெயர். ஒவ்வொரு திருப்பத்திலும் செலவாகும் ஆற்றல், துகள் இருக்கும் இடத்திலேயே வெப்பமாகிறது.

எந்த உலோகமும் இதற்கு உதவுமா? உதவாது. ஒவ்வொரு காந்தப் பொருளுக்கும் கியூரி வெப்பநிலை என்ற எல்லை உண்டு. அதைத் தாண்டினால் அது வலிய காந்தத்தன்மையை இழக்கும். தயக்க வெப்பமும் நின்றுவிடும். நிக்கலுக்கு இது சுமார் 358 பாகை செல்சியஸ், இரும்புக்கு 770, கோபால்ட்டுக்கு 1,115. மீத்தேன் வினைக்கோ 800 பாகை அளவில் சூடு வேண்டும். எனவே டேனிஷ் ஆராய்ச்சியாளர்கள் நிக்கலையும் கோபால்ட்டையும் கலந்த நானோ துகள்களை உருவாக்கி, 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். நிக்கல் வினையை ஊக்குகிறது. கோபால்ட் உயர் வெப்பத்திலும் காந்தத்தன்மையைக் காக்கிறது.

இடர்களும் இல்லாமலில்லை. கம்பிச் சுருளிலேயே மின்னாற்றலில் ஒரு பகுதி வீணாகிறது. கடுஞ்சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, பரப்பு குறையக்கூடும். மீத்தேனிலுள்ள கார்பன் எப்படியும் வெளிவரும். சூடேற்ற எரிப்பதால் வரும் பங்கு மட்டுமே தவிர்க்கப்படும். அதுவும் மின்சாரம் வெயிலிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்தால்தான் ஆதாயம். அவ்விரண்டுக்கும் நம் கடற்கரையில் பஞ்சமில்லை.

சிந்திக்க: 500 பாகைக்கு மேல் சூடேறினால் கெட்டுவிடும் ஒரு வினையூக்கி இருக்கிறது. அதனுள் பதிக்கும் துகளின் கியூரி வெப்பநிலை 500 பாகைக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் என்ன நன்மை?