விருந்தினர் இல்லப் பணிக்கு வரும் இளையவருக்குக் கடிதம்

கத்தோலிக்க விருந்தினர் இல்லத்தின் நாள் செபத்தில் தொடங்கும். வாசலுக்கு வருபவரைக் கவனிக்கும் பொறுமை அச்செபத்திலிருந்தே கிடைக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவற ஒழுங்கின் 53ஆம் அதிகாரம், வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது. ஏழைகளுக்கும் திருப்பயணிகளுக்கும் கூடுதல் அக்கறை கேட்கிறது. விருந்தினருக்கென்று தனி அடுக்களை வைக்கவும் சொல்கிறது. அவர்கள் நேரங்காலம் பார்த்து வருவதில்லை. அவர்களுக்கு உலை வைப்பதில் மற்றவர்களின் அமைதி குலையக் கூடாது. அடுக்களைக்கு இருவர்; வேலை கூடினால் துணைக்கு ஆள்; குறைந்தால் அவர்களுக்கு வேறு பணி. துறவற ஒழுங்கு நூல் ஒன்று அடுக்களையை இவ்வளவு கருத்தாக எண்ணியிருப்பது இளையவர் மனத்தில் இருத்த வேண்டியது.

செபமும் விருந்தோம்பலும் இணைந்த இந்த வாழ்வுக்குத் தமிழ்நாட்டில் சான்று, குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையிலுள்ள சச்சிதானந்த ஆசிரமம் என்னும் சாந்திவனம். பிரான்சிலிருந்து வந்த ஜூல்ஸ் மோன்சானின் அடிகளும் பெனடிக்ட் சபைத் துறவி ஹென்றி லெ சோவும் 1950இல் அதைத் தொடங்கினர். லெ சோ அபிஷிக்தானந்தர் எனப் பெயர் சூடினார். விருந்தினர் வந்தார்கள்; நிலைத்துத் தங்கும் துறவிகள் அமையவில்லை. 1957இல் மோன்சானின் காலமானார். லெ சோவின் மனம் இமயத்தை நாடியது. 1968இல் கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து துறவி பீட் கிரிஃபித்ஸ் சகதுறவிகளோடு வந்த பின்னரே குழு வேர்பிடித்தது. பல நாட்டாரையும் வரவேற்கும் வலு அந்தக் கூட்டுவாழ்விலிருந்து வந்தது. அன்பான ஒருவரை மட்டும் நம்பிய இல்லம் அவரோடு முடிந்துபோகும்.

சாந்திவனத்தில் நாள்தோறும் மூன்று வேளை செபம். காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு இட்டுக்கொள்வது கிரிஃபித்ஸ் காலத்து வழக்கம். விவிலியத்தோடு உபநிடதமும் தமிழ்ப் பாடல்களும் ஒலிக்கும். பிற சமயத்தார் முன் தன் செபத்தை ஒளிக்காமலே அவர்களுக்கும் பாய் விரிக்கும் முறை இது.

மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து இப்பணிக்குச் செல்பவருக்கு விருந்தோம்பல் புதிதல்ல. ஆய்வாளர் பலர் மரக்காணமாகக் கொள்ளும் எயிற்பட்டினத்தில், பசித்து வரும் பாணருக்குச் சுட்ட குழல்மீன் கிடைக்கும் என்கிறது சிறுபாணாற்றுப்படை. ஆனால் மழை இறங்கினால் உப்புப் பாத்தியில் வேலை நிற்கும். விருந்தினர் இல்லத்துக்கு அப்படி ஓய்வுப் பருவம் கிடையாது. ஆகவே செப நேரத்தையும் உடன்பணியாளரோடு அமர்ந்து உண்ணும் நேரத்தையும் விருந்தினரைக் காரணம் காட்டித் தள்ளிப்போடலாகாது. அவை விட்டுப்போன இல்லத்தில் முதலில் வருவது எரிச்சல். அது வந்தவர் மீதுதான் பாயும்.

வாசல் காக்க வயதில் மூத்த விவேகி ஒருவரை வைக்கச் சொல்லும் பெனடிக்ட் ஒழுங்கின் 66ஆம் அதிகாரம், தேவைப்பட்டால் இளையவர் ஒருவரை அவருக்குத் துணை தரச் சொல்கிறது. புதிதாகச் சேர்பவரின் இடம் அதுதான்: முதியவர் பக்கத்தில் நின்று, கதவு தட்டப்பட்டதும் குரல் கொடுத்து, கால் கழுவத் தண்ணீர் தந்து, சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்து, படுக்கும் இடத்தையும் செப நேரத்தையும் சொல்வது. வந்தவரின் சாதியையோ குடும்பச் சிக்கலையோ துருவுவது அப்பணியில் சேராது. அவரே மனம் திறந்தால் மூத்தவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.