தரவுத்தளத்துக்கும் ஒரு கிராணி

தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தை எல்லாரும் தொட்டுவிட முடியாது. மண்டோர் வந்து ஆள் கணக்கைச் சொல்வார், எழுதுவது கிராணி என்கிற குமாஸ்தா. யாருக்கு எத்தனை நாள் பேர் விழுந்திருக்கிறது என்று துரைக்குத் தெரியவேண்டுமென்றாலும் கிராணியைத்தான் கேட்பார். வெப் அப்ளிகேஷனில் தரவுத்தள அணுகல் அடுக்கு செய்யவேண்டியதும் இதே வேலைதான். பக்கங்கள் நூறு இருக்கட்டும், டேபிளைத் தொடுகிற கை ஒன்றுதான் இருக்கவேண்டும்.

மலேசியாவின் புக்கிட் பெருந்துங்கில் இருந்துகொண்டு நான் எழுதிக் கொடுப்பவை சின்ன சின்ன சிஸ்டங்கள். ஒரு கோயிலுக்கு உபயப் பதிவு, ஒரு டியூஷன் சென்டருக்கு மாதக் கட்டணம், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலிருந்து தாமான் குடியிருப்புகளுக்கு வந்துவிட்ட குடும்பங்களின் விவரத் திரட்டு. மேலே பார்த்தால் மூன்றும் வேறு வேறு. அடியில் இருப்பது ஆள், குடும்பம், விலாசம், கட்டிய காசு, ரசீது. அதனால் மூன்றுக்கும் கீழே ஒரே அடுக்கு ஓடுகிறது.

எஸ்கியூஎல் வரிகளைப் பக்கத்துக்குப் பக்கம் தூவிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பிஎச்பி உலகமே சாட்சி. 2015 டிசம்பரில் பிஎச்பி 7 வெளிவந்தபோது பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை அடியோடு எடுத்துவிட்டார்கள். அவற்றுக்கு மாற்றான பிடிஓ வந்து அப்போதே பத்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு பக்கத்திலும் நேரடியாகக் குவெரி எழுதிவைத்திருந்தவர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து மாற்றவேண்டியிருந்தது. ஒரே இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு அந்த ஒரு ஃபைலோடு வேலை முடிந்தது.

இந்த அடுக்கை எழுத உட்காரும் பலர், எந்த டேபிளுக்கும் பொருந்தும்படி ‘எடு, சேர், மாற்று, நீக்கு’ என்று நான்கு ஃபங்ஷன்களை முதலில் எழுதிவிடுகிறார்கள். அடுக்குக்குள்ளே அவை இருக்கட்டும். பக்கங்களின் கண்ணில் படக்கூடாது. பட்டால், பக்கம் எழுதுகிறவர் நிபந்தனைகளை அங்கிருந்தே கட்டி அனுப்புவார், எஸ்கியூஎல் வேறு வேஷத்தில் மறுபடியும் பக்கத்துக்குள் வந்துவிடும். கோயில் கவுண்டரில் மக்கள் கேட்பது என்ன? “போன வருஷம் ஆறாம் நாள் உபயம் யாரு எடுத்தது?” “எங்க குடும்பத்துக்கு இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கு தம்பி?” என் ஃபங்ஷன்களின் பெயர்கள் இந்தக் கேள்விகளிலிருந்து பிறக்கின்றன. மார்ட்டின் ஃபவுலர் 2002இல் எழுதிய நூலில் ரெபாசிட்டரி என்று சொல்வது ஏறத்தாழ இதைத்தான். அந்தச் சொல் தெரியாவிட்டாலும் குறையில்லை, கவுண்டரில் அரை நாள் உட்கார்ந்து கவனித்தால் அடுக்கின் பாதி வடிவம் தானாகக் கிடைத்துவிடும்.

தமிழ் எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். வாசல் ஒன்றாக இருப்பதன் அருமை எனக்கு இங்கேதான் அதிகம் தெரிகிறது. ‘கோவிந்தன்’ என்ற பெயரின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, பைட்டுகள் வேறு. பழைய முரசு அஞ்சல் மென்பொருள் காலத்து டிஸ்கி குறியீட்டு ஃபைல்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். அவற்றைக் கவனமில்லாமல் யூனிகோடுக்கு மாற்றினால் இரண்டாவது வடிவம் வந்து சேரும். பைட்டுகளை ஒப்பிட்டுத் தேடும் இடத்தில், பெயரைச் சரியாகவே டைப் செய்தாலும் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். அந்த ஆள் பதிவில் இல்லையென்று நினைத்து இன்னொரு தடவை பதிந்துவிடுவார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு, இரண்டு பாக்கி.

இதற்கு என்எஃப்சி என்ற சீராக்கம் இருக்கிறது. உள்ளே போகும் பெயரும் தேடவரும் பெயரும் அதன் வழியாகவே போகவேண்டும். ஆனால் ‘ஸ்ரீ’க்கு அது போதாது. ஸகரத்தில் தொடங்குவதும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவதும் அதன் கணக்கில் வேறு வேறு எழுத்துகளாகவே நிற்கும். கோயில் பெயரிலும் ஆள் பெயரிலும் ஸ்ரீ இல்லாத ஊரா இது? இரண்டையும் ஒன்றாக்கும் விதியை நாமே எழுதிக்கொள்ளவேண்டும். பெயரில் ‘மகன்’, ‘மகள்’ என்று குறிக்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பதைச் சாய்கோட்டோடு எழுதுபவர், புள்ளி வைப்பவர், ஒட்டி எழுதுபவர் என்று எல்லாரும் உண்டு. அதுவும் இங்கேயே சீராகும். எழுதிக்கொடுத்தபடியே பெயரை ஒரு நெடுவரிசையிலும், சீராக்கிய வடிவத்தைத் தேடுவதற்கென்று இன்னொரு நெடுவரிசையிலும் வையுங்கள். ஒருவர் தம் பெயரை எழுதும் விதத்தைத் திருத்துவதற்கு நமக்கு உரிமையில்லை.

கனெக்ஷன் திறக்கும் அதே இடத்தில் எழுத்துக்குறியீடு யுடிஎஃப்8எம்பி4 என்று குறித்துவிடுங்கள். அங்கே தவறினால் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகப் பதிவாகும் நிலை வரும். அப்படிப் பதிந்ததை மீட்க வழியே இல்லை.

ஐசி எனும் அடையாள அட்டையின் எண்ணுக்கு வருவோம். பன்னிரண்டு இலக்கம், முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். பார்ப்பதற்கு எண்ணாக இருக்கிறதே என்று இன்டிஜர் நெடுவரிசையில் போட்டால், 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண்ணில் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போய்விடும். எழுத்தாகவே வையுங்கள். ஆளை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாகவும் அதை வைக்கவேண்டாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசியோடு இருக்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாளைக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்து விவரம் மாறினால், அவருடைய பழைய ரசீதுகள் அவரை விட்டுப் போய்விடக்கூடாது. விலாசமும் அப்படித்தான். பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது, ஆனால் பழைய பெயரையே சொல்லும் ஆட்கள் இன்னும் உண்டு. பழைய விலாசத்தை அழிக்காமல், எதுவரை செல்லும் என்று தேதி போட்டு வைத்தால், தோட்டத்துப் பெயரைச் சொல்லித் தேடி வருபவருக்கும் ஆள் கிடைப்பார்.

ரசீது எண்ணைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். திருவிழா நாளில் இரண்டு கவுண்டர்கள் ஒரே நேரத்தில் ஓடும். ‘கடைசி எண்ணோடு ஒன்று கூட்டு’ என்று எழுதியிருந்தால் இரண்டு பேர் கையிலும் ஒரே எண் போக வாய்ப்பிருக்கிறது. எண்ணுக்கென்று ஒரு வரியை வைத்து, டிரான்ஸாக்ஷனுக்குள் அதைப் பூட்டி எடுங்கள். ரசீது டேபிளில் அந்த எண் இரண்டு முறை வரமுடியாதபடி யூனிக் இண்டெக்ஸும் போடுங்கள். அதோடு, அடுக்கில் இருக்கும் ஃபங்ஷன்கள் தாங்களாகவே கமிட் செய்யக்கூடாது. காசைப் பதிவதும் ரசீது போடுவதும் பாக்கியைக் குறைப்பதும் சேர்ந்து ஒரே வேலை. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கூப்பிடுகிறவருக்குத்தான் தெரியும். கமிட்டை உள்ளே புதைத்துவைத்த ஃபங்ஷன், அடுத்த சிஸ்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போக உதவாது.

மறுபயன்பாடு என்றதும் எல்லாவற்றையும் முதல் நாளே பொதுவாக எழுதும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கோயிலுக்கு எழுதியது டியூஷன் சென்டருக்கும் அதே உருவில் தேவைப்படும்போது மட்டும் பொது இடத்துக்கு நகர்த்துங்கள். உபய நாள் கோயிலோடு இருக்கட்டும், பாட அட்டவணை சென்டரோடு இருக்கட்டும். காசைச் சென் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள். ‘ரிங்கிட்’ என்று அச்சிடுவது பக்கத்தின் வேலை.

2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்காக எழுதப்பட்டது. கோயிலுக்கு அது பொருந்துமா என்று வாதாடுபவர்கள் உண்டு. நான் பொருந்துவதாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நம் மக்கள் கோயிலை நம்பி ஐசியை நீட்டுகிறார்கள். அதனால் பட்டியல் தரும் எந்த ஃபங்ஷனும் ஐசியின் கடைசி நான்கு இலக்கங்களுக்கு மேல் தராது. முழு எண் வேண்டுமென்றால் அதற்குத் தனி ஃபங்ஷன். யார், எப்போது, எதற்காகக் கேட்டார் என்பதை ஒரு டேபிளில் எழுதிய பிறகே அது எண்ணைக் கொடுக்கும். காரணம் எழுதாமல் கூப்பிட்டால், நிர்வாகத் தலைவருக்கும் அது பதில் சொல்லாது.