அவர்கள் வழக்கம் அறிந்து பராமரிப்போம்

வேத வாசிப்பு: 1 கொரிந்தியர் 9:19-23



சுவிசேஷத்தை மாற்றாமல், ஜனங்களை நெருங்கும் விதத்தைப் பவுல் மாற்றிக்கொண்டதை இப்பகுதியில் காண்கிறோம். இதற்கு ஒப்பான ஒரு பாடத்தை நர்சிங் துறைக்குக் கற்றுத்தந்தவர் மேடலின் லெய்னிங்கர் அம்மையார்.

இவர் 1925இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தார். 1948இல் டென்வரில் நர்சிங் பயிற்சியை முடித்தார். 1950களில் சின்சினாட்டி நகரில் மனநலச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளைப் பராமரித்தபோது, வெவ்வேறு சமூகத்துப் பிள்ளைகள் வெவ்வேறு விதமான கவனிப்பை நாடுவதைக் கண்டார். தாம் படித்த மனோதத்துவம் அதை விளக்கப் போதவில்லை. ஆகவே மானிடவியல் பயின்றார். 1960களின் தொடக்கத்தில் நியூகினியின் கிழக்கு மலைநாட்டில் காட்சப் மக்களின் கிராமங்களில் தங்கி, அவர்கள் வாழ்வைக் கற்றார். 1974இல் இத்துறைக்கென ஒரு சங்கத்தையும், 1989இல் ஒரு பத்திரிகையையும் தொடங்கினார். 2012இல் மரித்தார்.

நோயாளியின் வழக்கத்தை நர்சு மூன்று விதமாய் அணுகலாம் என்று அவர் போதித்தார்.

1. காத்தல்: பிரசவித்தவள் தன் தாய் அருகிலிருக்கவும் வெந்நீர் குடிக்கவும் விரும்பினால், அதில் தீங்கில்லை. அப்படியே விட்டுவிடலாம்.

2. இணங்குதல்: சர்க்கரை நோயாளி உபவாசம் இருக்க விரும்பினால், கடிந்துகொள்ளாமல், டாக்டரைக் கலந்து அது பாதுகாப்பானதா என்று அறிந்து, மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றித் தரலாம்.

3. மாற்றுதல்: பச்சிளங்குழந்தையின் தொப்புளில் சாணம் பூசினால் ரணஜன்னி உண்டாகி உயிரே போகலாம். இங்கே இணங்க முடியாது. ஆனால் தாயை அவமானப்படுத்தினால், அடுத்த பிரசவத்துக்கு அவள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாள். பாட்டியையும் உட்காரவைத்து, தொப்புளைச் சுத்தமாகவும் உலர்ந்தும் வைப்பதன் காரணத்தைப் பொறுமையாய் விளக்க வேண்டும்.

மூன்றுக்கும் முதற்படி ஒன்றே: கட்டளையிடுமுன் கேட்பது. கேட்பதற்கு நேரமும், நோயாளியின் பாஷை அறிந்த ஊழியரும், நல்ல பயிற்சியும் தேவை. மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு நீங்கள் அனுப்பும் காணிக்கை கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் மட்டுமல்ல, இத்தகைய பயிற்சிக்கும் உதவட்டும்.

சிந்திக்க: நாம் சந்திக்கும் நோயாளியின் எந்த வழக்கத்தைக் காரணம் கேளாமலே தள்ளிவிடுகிறோம்?

ஜெபிக்க: தூர கிராமங்களில் பணியாற்றும் நர்சுகளுக்காகவும், ஆஸ்பத்திரிக்கு வரப் பயப்படும் தாய்மாருக்காகவும்.